ஹோம் பிளேட்டில் நடுவரின் ஸ்தானம்: ஒரு மறுப்பு

பேஸ்பால் நடுவர்களுக்குப் பயிற்சி அளிப்போரிடையே நெடுங்காலமாக வேரூன்றி, வகுப்புகளில் ஆட்சேபமின்றி ஓதப்பட்டு, ஏறக்குறைய ஒரு சித்தாந்தத்தின் கௌரவத்தையே அடைந்துவிட்ட கொள்கை ஒன்று உண்டு. மூன்றாம் பேஸிலிருந்து ஓட்டக்காரர் ஹோம் பிளேட்டை நோக்கிப் பாய்ந்து வருகையில், வெளிமைதானத்திலிருந்து எறியப்பட்ட பந்தும் அதே இடத்தை நோக்கிப் பறந்து வருமாயின், நடுவர் முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட ஓர் இடத்துக்குச் சென்று, அங்கே காலூன்றி நின்று, நிகழ்வதைக் கண்டு தீர்ப்பளிக்க வேண்டும் என்பதே அந்தக் கொள்கை. அந்த இடம் எது என்பதில் மட்டும் இரு கட்சிகள் இருக்கின்றன. முதல் பேஸ் கோட்டைப் பிளேட்டுக்குப் பின்னால் நீட்டினால் வரும் கோட்டின்மேல் நிற்க வேண்டும் என்பார் ஒரு சாரார். மூன்றாம் பேஸ் கோட்டை அவ்வாறே நீட்டி அதன்மேல் நிற்க வேண்டும் என்பார் மறுசாரார். தம்முள் எவ்வளவு கடுமையாக வாதாடிக்கொண்டாலும், நடுவருக்கு மண்ணிலே ஒரு நிலையான ஸ்தானம் உண்டு, அதை அடைந்துவிட்டால் அவருடைய கடமையில் பெரும்பகுதி முடிந்தது என்ற அடிப்படையில் இவ்விரு கட்சியாரும் முற்றிலும் ஒத்துப்போகிறார்கள். அந்த அடிப்படையையே நான் மறுக்கிறேன். உச்சநிலைப் பயிற்சியில் இக்கொள்கையின் பிடி சற்றுத் தளர்ந்திருக்கிறது என்பது மெய்யே. ஆயினும் பள்ளி ஆட்டங்களிலும் ஊர்ச் சங்க ஆட்டங்களிலும், அதாவது பேஸ்பாலின் மிகப் பெரும்பகுதி ஆடப்படும் இடங்களில், புதிதாக வரும் நடுவரின் காதில் முதலில் விழுவது இந்த உபதேசமாகவே இருக்கிறது.

ஆட்டத்தை அறியாத வாசகருக்காகக் களத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹோம் பிளேட் என்பது தரையோடு தரையாகப் பதிக்கப்பட்ட, ஐந்து பக்கங்கள் கொண்ட வெண்ணிற ரப்பர் பலகை. பந்தை வீசுபவரான பிட்சரை நோக்கிய அதன் முன்விளிம்பு 17 அங்குல அகலம் உள்ளது. பின்பக்கம் ஒரு கூர்முனையாக முடிகிறது. அந்தக் கூர்முனையிலிருந்துதான் முதல் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் செல்லும் கோடுகள் செங்கோணமாகப் பிரிந்து ஒவ்வொன்றும் 90 அடி தூரம் ஓடுகின்றன. ஓட்டக்காரர் பிளேட்டைத் தொடுவதற்கு முன்னால், பிளேட்டைக் காக்கும் ஆட்டக்காரரான கேட்சர் பந்தைப் பிடித்து, பந்துள்ள கையினாலோ கையுறையினாலோ அவரைத் தொட்டுவிட்டால் அவர் அவுட்; இல்லையேல் சேஃப். இந்தத் தொடுதலையே ஆட்டக்காரர்கள் டேக் என்கிறார்கள். ஆட்டத்தில் மற்ற எந்தப் பேஸில் தவறு நேர்ந்தாலும் அதைத் திருத்திக்கொள்ள அடுத்த ஆட்டக்காரர்களுக்கு அவகாசம் இருக்கிறது. பிளேட்டில் மட்டும் நடுவரின் ஒரு கையசைவு அப்பொழுதே ஓர் ஓட்டமாகவோ ஓட்டமின்மையாகவோ ஸ்கோர் பலகையில் ஏறிவிடுகிறது.

நிலைத்த ஸ்தானத்தை வற்புறுத்துவோர் சொல்லும் நியாயங்களை முதலில் உள்ளபடி எடுத்துரைப்பது தர்மம். முதல் பேஸ் கோட்டின் நீட்சியில் நிற்பவர், ஓட்டக்காரர் வரும் பாதைக்குச் செங்கோணத்தில், பக்கவாட்டில் நிற்கிறார்; ஆகையால் பாதம் பிளேட்டைத் தொடும் கணத்தை அவர் துல்லியமாகக் காண்கிறார். மூன்றாம் பேஸ் கோட்டின் நீட்சியில் நிற்பவரோ ஓட்டக்காரரை நேருக்கு நேர் எதிர்கொள்கிறார். ஆகையால் கேட்சரின் கையுறை இடமிருந்தோ வலமிருந்தோ வீசப்பட்டு உடலைத் தொடுகிறதா என்பதை அவர் காண்கிறார். இவை இரண்டும் உண்மையே. கிரிக்கெட்டில் பழகிய நம்மவர் கண்ணுக்கு இவற்றுள் முதல் கட்சியின் வாதம் இயல்பாகவே இனிக்கும். ஏனெனில் ரன் அவுட்டைத் தீர்மானிக்க ஸ்கொயர் லெக் நடுவர் கிரீஸுக்கு நேர் பக்கவாட்டில் நிற்பதையும், பந்துவீச்சு முனையில் இருப்பவரும் பந்து அடிக்கப்பட்டவுடன் பக்கவாட்டுக்கு விரைவதையும் நாம் சிறு வயது முதல் பார்த்திருக்கிறோம். ஆனால் கிரிக்கெட்டில் கோடு அசையாதது. ஸ்டம்பும் நாட்டப்பட்டு நிற்பது. மட்டை கோட்டைக் கடந்ததா, ஸ்டம்பின் பெயில் விழுந்ததா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பக்கவாட்டிலிருந்து ஒரே பார்வையில் விடை கிடைத்துவிடுகிறது. பேஸ்பாலில் அசையாதது பிளேட் ஒன்றே. தொட வேண்டிய கையுறையும் அசைகிறது, தொடப்பட வேண்டிய உடலும் அசைகிறது. அந்த உடலோ வினாடிக்கு ஏறத்தாழ 27 அடி வேகத்தில் வந்து, கடைசிக் கணத்தில் சறுக்கி, வளைந்து, கையை நீட்டி, சில சமயம் பிளேட்டைத் தாண்டிப் போய்த் திரும்பவும் அதைத் தொட முயல்கிறது. நிலையான இலக்குக்குப் பொருந்தும் நிலையான பார்வை, அசையும் இரண்டு பொருள்களின் சந்திப்புக்கு எவ்வாறு பொருந்தும்?

இங்கே கண்ணின் இயல்பைச் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். இரண்டு பொருள்களுக்கு இடையே உள்ள இடைவெளி நம் பார்வைக் கோட்டுக்குக் குறுக்காக அமைந்தால் ஓர் அங்குல இடைவெளியும் புலப்படும். அதே இடைவெளி பார்வைக் கோட்டின் போக்கிலேயே, முன்னும் பின்னுமாக அமைந்துவிட்டால், ஒரு சாண் இடைவெளியும் இல்லாதது போலவே தோன்றும். தெருவிளக்கையும் அதன் பின்னால் நெடுந்தொலைவில் உள்ள கோபுரத்தையும் ஒரே கோட்டில் பார்ப்பவனுக்கு விளக்கு கோபுரத்தின்மேல் ஒட்டியிருப்பதாகத் தோன்றுவது இதனால்தான். இப்பொழுது முதல் கட்சியாரின் ஸ்தானத்தில் ஒரு நடுவரை நிறுத்திப் பாருங்கள். கேட்சர் கோட்டுக்கு உட்புறம், மைதானப் பக்கமாக நிற்கிறார். ஓட்டக்காரர் அவரைத் தவிர்ப்பதற்காக வெளிப்புறம் ஒதுங்கிச் சறுக்குகிறார். கேட்சர் உடலை நீட்டிக் கையுறையை அவர்மேல் வீசுகிறார். அந்தக் கையுறை நடுவரை நோக்கியே வருகிறது. ஓட்டக்காரரின் முதுகு நடுவரின் பக்கம் இருக்கிறது. கையுறை அவருடைய மறுபுறத்தில் இருக்கிறது. தொட்டதா தொடவில்லையா என்று அறிய வேண்டிய அந்த இரண்டு அங்குலம் பார்வைக் கோட்டின் போக்கிலேயே அமைந்து, நடுவருக்கு அது இல்லாமலே போய்விடுகிறது. பாதம் பிளேட்டைத் தொட்ட கணத்தை அவர் அற்புதமாகக் கண்டிருப்பார். ஆனால் அன்றைய வினா பாதத்தைப் பற்றியதே அன்று.

மறுகட்சியாரின் ஸ்தானம் இதற்குப் பரிகாரமாகுமா என்றால், அந்த ஆட்டத்துக்கு ஆகும், அடுத்ததற்கு ஆகாது. பந்து மூன்றாம் பேஸ் பக்கமாகச் சற்று விலகி வர, கேட்சர் அதைப் பிடிக்கக் கோட்டின் வழியே இரண்டடி முன்னேறி, அங்கேயே ஓட்டக்காரரை எதிர்கொண்டு டேக் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் பேஸ் கோட்டின் நீட்சியில் நிற்பவருக்கு அப்பொழுது தெரிவது கேட்சரின் அகன்ற முதுகும் இடுப்பில் கட்டிய வாரும்தான். டேக் அந்த முதுகுக்கு அப்பால் நிகழ்கிறது. அதைத் தவிர, பாதம் பிளேட்டின் விளிம்பை எட்டிவிட்டதா, அதற்கு நான்கு அங்குலம் முன்னால் நிற்கிறதா என்பதும் பார்வைக் கோட்டின் போக்கில் அமைந்த இடைவெளியாகையால் அவருக்குப் புலப்படாது. இந்த இரண்டு ஆட்டங்களுக்கும் வித்தியாசம் பந்து எறியப்பட்டதில் இரண்டடி விலகல் மட்டுமே என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எழுபது, எண்பது கஜத்துக்கு அப்பாலிருந்து ஓடிவந்து எறியப்படும் பந்து எந்த இரண்டடிக்குள் வந்து விழும் என்று முன்கூட்டியே அறிந்தவர் எவரும் இலர். ஆகவே எங்கே நிற்பது என்றும் முன்கூட்டியே நிர்ணயிக்க முடியாது.

நம் தர்க்க சாஸ்திரத்தில் பிரத்தியட்சம் வேறு, அனுமானம் வேறு. கண்ணால் கண்டதைச் சொல்வது ஒன்று. கண்டதிலிருந்து காணாததை ஊகித்துச் சொல்வது மற்றொன்று. நடுவரின் அதிகாரம் முழுவதும் அவர் பிரத்தியட்சமாகக் கண்டார் என்ற நம்பிக்கையின்மேல் நிற்கிறது. நிலைத்த ஸ்தானத்தில் நிற்பவர், கோணம் கெட்டுப்போன ஆட்டத்திலும் ஏதோ ஒரு தீர்ப்பைச் சொல்லியே ஆக வேண்டியிருப்பதால், கையுறை போன வேகத்தையும் கேட்சரின் முகபாவத்தையும் பந்து முந்தி வந்ததையும் கொண்டு அனுமானித்து, அதைப் பிரத்தியட்சத்தின் குரலிலேயே அறிவிக்கிறார். அனுமானம் பல சமயம் சரியாகவே அமைந்துவிடுகிறது. அமையாதபோது விளையும் தீமை சிறியதன்று.

2011ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி அட்லாண்டாவில் தொடங்கி, நள்ளிரவைக் கடந்து 19ஆவது இன்னிங்ஸ் வரை நீண்ட ஆட்டத்தை இதற்கு உதாரணமாகக் காட்டலாம். பிட்ஸ்பர்க் அணியும் அட்லாண்டா அணியும் மூன்றுக்கு மூன்று என்று சமமாக நின்றன. மூன்றாம் பேஸ் காப்பாளர் எறிந்த பந்து, ஹூலியோ லூகோ என்ற ஓட்டக்காரருக்கு வெகு முன்னதாகவே கேட்சர் மைக்கேல் மெக்கென்ரியின் கைக்கு வந்து சேர்ந்தது. கேட்சர் கையுறையை வீசி டேக் செய்தார். நடுவர் ஜெரி மீல்ஸ் அது ஓட்டக்காரரைத் தொடாமல் கடந்துவிட்டதாகக் கருதி, சேஃப் என்று கைகளை விரித்தார். ஆட்டம் அதோடு முடிந்தது. மறுநாள், தொழில்முறைப் பேஸ்பாலின் உச்ச அமைப்பான மேஜர் லீக்கின் நிர்வாகமே தீர்ப்பு தவறியதாகத் தோன்றுகிறது என்று வெளிப்படையாகச் சொல்ல நேர்ந்தது. மீல்ஸ் அனுபவம் மிக்கவர். கடமையில் அசிரத்தை உள்ளவர் அல்லர். அவரை அந்த இரவில் ஏசியவர்கள் அவருடைய கண்ணைக் குறை சொன்னார்கள். ஆனால் வீசப்பட்ட கையுறைக்கும் ஓட்டக்காரரின் காலுக்கும் இடையே இருந்ததோ இல்லையோ என்ற அந்த அற்ப இடைவெளியே அங்கு முழு வழக்கும் என்பதைக் கவனித்தால், அத்தகைய வழக்கில் கண்ணின் கூர்மையைவிடக் கண் இருந்த கோணமே பெரிது என்பது விளங்கும்.

எதிர்க்கட்சியார் தமக்குச் சாதகமாக எடுத்துக்காட்டக்கூடிய சம்பவம் ஒன்று உண்டு. அதையும் நான் மறைக்கப் போவதில்லை. 1970ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி சின்சினாட்டியில் நடந்த, மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் முதல் ஆட்டம் அது. ஆட்டம் மூன்றுக்கு மூன்று என்று நின்ற ஆறாவது இன்னிங்ஸில், பிளேட்டின் முன்னால் தரையில் பட்டு உயர எழும்பிய பந்து கோட்டுக்கு உள்ளே விழுகிறதா வெளியே விழுகிறதா என்று பார்க்க நடுவர் கென் பர்கார்ட் பிளேட்டின் முன்னாலேயே வந்து நின்றார். பால்டிமோர் அணியின் கேட்சர் எல்ராட் ஹென்ட்ரிக்ஸ் பந்தை எடுத்துத் திரும்புவதற்குள் மூன்றாம் பேஸிலிருந்து பெர்னி கார்போ சறுக்கிக்கொண்டு வந்துவிட்டார். மூவரும் மோதிக்கொண்டார்கள், பர்கார்ட் நிலைகுலைந்து, நிகழ்வுக்கு முதுகு காட்டியவராகத் தரையில் விழுந்தார், விழுந்தவர் திரும்பிப் பார்த்துக் கார்போ அவுட் என்று அறிவித்தார். ஹென்ட்ரிக்ஸ் கையுறையால் கார்போவைத் தொட்டது உண்மைதான். பந்தோ அந்தக் கையுறையில் இல்லை, மற்றொரு கையில் இருந்தது. புகைப்படங்கள் அதை உலகுக்கே காட்டின. பால்டிமோர் அந்த ஆட்டத்தை நான்குக்கு மூன்று என்று வென்றது.

'நடுவர் தம் ஸ்தானத்தைவிட்டு நகர்ந்ததனால் அல்லவா இந்த விபரீதம்?' என்று கேட்பார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. பர்கார்ட் நகர்ந்ததில் பிழை இல்லை. பந்து உள்ளே விழுந்ததா என்று பார்ப்பதும் அவர் கடமையே. அந்தக் கடமை முடிந்த கணத்தில், மூன்றாம் பேஸில் ஓட்டக்காரர் இருக்கிறார் என்ற நினைவோடு அவர் மறுபடியும் நகர்ந்திருக்க வேண்டும், நின்றுவிட்டார். நின்ற இடம் ஓட்டக்காரரின் பாதையாக இருந்தது. இந்தச் சம்பவத்தில் காண வேண்டியிருந்தவை மூன்று: பந்து எந்தக் கையில் இருக்கிறது, அந்தக் கை உடலைத் தொட்டதா, கார்போவின் கால் பிளேட்டைத் தொட்டதா. மூன்றாவதும் இங்கே அலட்சியம் செய்யத்தக்கதன்று. சறுக்கி வந்த கார்போ முதலில் பிளேட்டைத் தொடவே இல்லை. இந்த மூன்றையும் ஒருங்கே காட்டும் புள்ளி ஒன்று அந்த மைதானத்தில் முன்கூட்டியே சுண்ணாம்பால் குறிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று நம்புவோருக்கு நான் சொல்லக்கூடியது வேறொன்றும் இல்லை.

இனி, இந்தக் கொள்கை எக்காலத்து ஆட்டத்துக்காக ஏற்பட்டது என்று பார்ப்போம். பழைய நாளில் கேட்சர் பிளேட்டை அடைத்துக்கொண்டு, கோட்டின் குறுக்கே கோட்டைச் சுவர்போல நிற்பார். ஓட்டக்காரர் அவர்மேல் முழு வேகத்தோடு மோதுவார். பந்து கையுறையில் தங்கினால் அவுட், சிதறினால் சேஃப். 1970ஆம் ஆண்டு ஜூலையில், அதே சின்சினாட்டியில், ஆல் ஸ்டார் ஆட்டத்தின் 12ஆவது இன்னிங்ஸில் ஓட்டக்காரர் பீட் ரோஸ் கேட்சர் ரே ஃபாஸியின்மேல் மோதியது இந்த வகைக்கு அழியாத உதாரணம். அத்தகைய மோதலில் நடுவருக்குக் கோணப் பிரச்சினை அதிகம் இல்லை. பந்து கீழே கிடக்கிறதா என்று பார்த்தால் போதும். எந்த நிலைத்த இடத்திலிருந்தும் அது தெரியும். ஆனால் 2011 மே 25ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஓட்டக்காரர் ஸ்காட் கசின்ஸ் மோதியதில் கேட்சர் பஸ்டர் போஸி கால் எலும்பு முறிந்து, கணுக்காலின் தசைநார் கிழிந்து, அந்தப் பருவத்தின் எஞ்சிய பகுதி முழுவதையும் இழந்தார். அதனால் எழுந்த விவாதத்தின் முடிவில் 2014ஆம் ஆண்டு புதிய விதி வந்தது: பந்தைக் கையில் கொள்ளாத கேட்சர் ஓட்டக்காரரின் வழியை அடைக்கக் கூடாது; ஓட்டக்காரரும் மோதுவதற்காகவே தம் நேர்வழியைவிட்டு விலகக் கூடாது. அன்று முதல் கேட்சர் பிளேட்டின் முன்னால் ஒதுங்கி நின்று, பந்தைப் பிடித்து, உடலை நீட்டிக் கையுறையை வீசுகிறார். ஓட்டக்காரர் வெளிப்புறம் அகன்று சறுக்கிக் கையால் பிளேட்டை வருடிச் செல்கிறார். நான் மேலே விவரித்த, கண்ணை ஏமாற்றும் அந்த வகை டேக்கே இன்று நித்திய வழக்கமாகிவிட்டது. ஆட்டத்தின் உருவமே மாறிய பின்பும் பழைய ஆட்டத்துக்கு அமைந்த ஸ்தானத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது எந்த வகையிலும் விவேகமாகாது. மேலும் வழியை அடைத்தாரா என்ற புதிய கேள்விக்கு, பந்து வந்து சேர்வதற்கு முன்பே கேட்சரின் பாதங்களைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே நடுவரின் வேலை டேக்குக்கு வெகு முன்னதாகவே தொடங்கிவிடுகிறது.

அப்படியானால் நடுவர் எங்கே நிற்பது? பிளேட்டின் கூர்முனைக்குப் பின்னால், பத்தடிக்குக் குறையாத தொலைவில் அவர் தொடங்கட்டும். முகக்கவசத்தை இடக்கையால் கழற்றிக்கொண்டு, பந்து வரும் திசையையும் கேட்சரின் பாதங்களையும் ஒருங்கே நோக்கட்டும். கேட்சர் கோட்டின் வழியே இடப்பக்கம் முன்னேறினால், நடுவரும் இடப்பக்கம் இரண்டு எட்டு வைத்து, டேக்கைப் பக்கவாட்டிலிருந்து காணட்டும். பந்து கேட்சரை வலப்பக்கமாக இழுத்து, அங்கிருந்து அவர் திரும்பிக் கையுறையை வீச நேர்ந்தால், நடுவரும் வலப்பக்கம் ஒதுங்கி, வரும் ஓட்டக்காரரை எதிர்நோக்கி, கையுறைக்கும் உடலுக்கும் இடையே தம் பார்வையைச் செலுத்தட்டும். இரு கட்சியாரும் சொன்ன இரண்டு இடங்களும் இதில் அடங்கிவிடுகின்றன. ஆனால் எதற்குப் போவது என்பதைக் கேட்சரின் இடுப்பு தீர்மானிக்கிறது. அருகில் நெருங்குவதே நலம் என்ற மற்றொரு பிரமையையும் இங்கேயே விலக்கிவிடுகிறேன்: ஐந்தடியில் நிற்பவரின் கண்ணில் கையுறை அகப்பட்டால் பாதம் அகப்படாது, பாதம் அகப்பட்டால் கையுறை அகப்படாது.

நகரும் கண் தெளிவாகக் காணாது என்பது நிலைப்பக்ஷத்தாரின் ஆட்சேபங்களில் மிகவும் வலியது. ஓடிக்கொண்டிருப்பவரின் பார்வை குலுங்குகிறது. குலுங்கும் பார்வையில் நுண்ணிய நிகழ்ச்சி கலைந்துபோகிறது. இதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் இது நகரக் கூடாது என்பதற்குப் பிரமாணமாகாது. காலத்தோடு நகர்ந்து, டேக் நிகழ்வதற்குள் நின்றுவிட வேண்டும் என்பதற்கே பிரமாணமாகும். வெளிமைதானத்தில் பந்து கையைவிட்டுப் புறப்பட்டதிலிருந்து கேட்சரை அடையும் வரை நடுவருக்கு இரண்டு எட்டு வைப்பதற்கு வேண்டிய காலம் தாராளமாக இருக்கிறது. அந்தக் காலத்தை நிலைத்த ஸ்தானத்தில் நின்றுகொண்டு வெறுமே பந்தை வேடிக்கை பார்ப்பதில் செலவிடுவதே கேடு.

புதியவர்களுக்கு இது கடினம் என்பார்கள். கடினமே. கோடு ஒன்றைக் காட்டி 'அங்கே நில்' என்று சொல்லிக் கொடுப்பது ஆசிரியருக்கும் எளிது, மதிப்பெண் போடுவோருக்கும் எளிது. கோட்டின்மேல் நின்றாரா இல்லையா என்று எவரும் பார்த்துவிடலாம் அல்லவா? ஆனால் நடுவர் பயிற்சி மதிப்பெண் போடுவோரின் வசதிக்காக ஏற்பட்டதன்று. ஒரு கேட்சரையும் ஓர் ஓட்டக்காரரையும் நிறுத்தி, பந்தை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி எறிந்து, கேட்சரோடு நகர்ந்து நின்று பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்தினால், சில மாலைகளிலேயே இளைஞர்கள் இதைக் கற்றுக்கொண்டுவிடுவார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை.

இன்னொரு வாதம் அண்மைக் காலத்தில் பிறந்தது. 2014 முதல் மேஜர் லீக்கில் டேக் தீர்ப்புகளையும் காணொளியால் மறுபரிசீலனை செய்ய வழி ஏற்பட்டுவிட்டது. நியூயார்க்கில் உள்ள மறுபரிசீலனை நடுவர்கள் பல கோணங்களில் பார்த்துத் திருத்திவிடுவார்கள். ஆகவே நடுவர் எங்கே நின்றால் என்ன என்கிறார்கள். இவ்வாதம் சோம்பலின் குழந்தை. தீர்ப்பை மாற்ற வேண்டுமானால் தெளிவும் உறுதியும் உள்ள சான்று வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் விதி. சான்று அத்தகையதாக அமையாவிட்டால் களத்தில் நடுவர் சொன்னதே நிலைக்கும். கருவிகளுக்கும் எட்டாத அந்த மிக நுண்ணிய ஆட்டங்களில்தான் நடுவரின் சொல் இறுதியாகிறது என்றால், அவருடைய கோணத்தின் அவசியம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? கருவியே இல்லாத ஆயிரக்கணக்கான மைதானங்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டியதில்லை.

நடுவர் நகரவே முடியாத ஒரு நிலை உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். பிட்சர் பந்தை வீசும்போதே மூன்றாம் பேஸிலிருந்து ஓட்டக்காரர் பிளேட்டைத் திருட ஓடிவருவாரானால், வீசப்பட்ட பந்தையும் மதிப்பிட வேண்டிய நடுவர் கேட்சரின் பின்னால் கட்டுண்டு கிடக்கிறார். 1955ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் தேதி, யாங்கி மைதானத்தில், உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் ஜாக்கி ராபின்சன் அவ்வாறுதான் ஓடிவந்தார். நடுவர் பில் சம்மர்ஸ் சேஃப் என்றார். கேட்சர் யோகி பெரா அப்பொழுதே துள்ளிக் குதித்து மறுத்து, 2015இல் தாம் மறையும் வரை ராபின்சன் அவுட் என்றே சொல்லிவந்தார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. சம்மர்ஸைக் குறை சொல்ல நியாயம் இல்லை. அவருக்கு வேறு இடம் கிடையாது. ஆனால் வேறு இடம் கிடைக்கக்கூடிய மற்ற எல்லா ஆட்டங்களிலும் நடுவர்கள் தாமாகவே சம்மர்ஸின் நிலையைத் தேடிச் சென்று காலூன்றி நிற்க வேண்டும் என்று கற்பிப்பவர்கள், அதற்கான நியாயத்தை இனிமேல்தான் எடுத்துரைக்க வேண்டும்.